காசின் மேல்தோல்

முதல் உலகப்போர் முடியாத 1918 ஆகஸ்ட்டில், லண்டன் ராயல் மின்ட் பம்பாயில் ஒரு கிளை திறந்தது. இந்தியாவுக்கு வந்து சேர்ந்த தங்கத்தைக் கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பிக் காசாக அடித்துக்கொள்ளப் போர்க்காலக் கடல் இடம் தரவில்லை. மறு ஏப்ரலில் கிளையை மூடிவிட்டார்கள். அதற்குள் ஏறத்தாழ 13 இலட்சம் சவரன் காசுகள் வெளிவந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஆண்டு 1918தான். கிளை தயாராகும்வரை காத்திராமல், பம்பாய் நாணயசாலையே அதே எடையில், அதே 22 கேரட்டில் 15 ரூபாய் தங்க மொகர் ஏறத்தாழ 21 இலட்சம் அடித்துத் தள்ளியது. ஒரு சவரனுக்குப் பதினைந்து ரூபாய் என்று 1899-லேயே சட்டம் ஆகியிருந்ததால் வந்த கணக்கு அது.

சேகரிப்புக்காகத் தரமிட்ட தங்க நாணயம் ஒன்று வாங்கலாமா என்று யோசிப்பவருக்கு நான் முதலில் காட்டுவது இந்த இரண்டையும்தான். நம் வீட்டுக் காசுமாலைகளில் தொங்கியவை இவற்றின் கூட்டாளிகள். எடை, அளவு, அச்சு எல்லாம் ஏட்டில் பதிவாகியிருக்கிறது. எண்ணிக்கை நிறைய இருப்பதால் "அபூர்வம்" என்று சொல்லி யாரும் நம்மைப் பயமுறுத்த முடியாது.

அம்பத்தூர் ஓ.டி.யிலோ ஆவடியிலோ பூந்தமல்லி கடைத்தெருவிலோ நகைக்கடைப் படியேறும் நம் ஆட்கள் முதலில் கேட்பது கிராம் விலை, அடுத்தது சேதாரம். 916 முத்திரையையும் ஆறெழுத்து ஹால்மார்க் எண்ணையும் லென்ஸில் பார்த்துவிட்டால் மனசு அடங்கிவிடும். அந்த முத்திரை உள்ளே இருக்கும் உலோகத்துக்குச் சாட்சி. மேலே இருக்கும் முகம் எப்படி என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. தரமிடுதல் முழுக்க முழுக்க அந்த முகத்தைப் பற்றிய வேலை.

வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர், தன் நாட்டின் பழைய பெரிய செப்புக் காசுகளுக்காக 1949-இல் ஒன்று முதல் எழுபது வரையிலான அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். எழுபது வாங்கிய காசு, ஒன்று வாங்கிய காசைப்போல எழுபது மடங்கு விலை பெறும் என்பது அவர் கணக்கு. விலைக்கணக்கு சீக்கிரமே பொய்த்தது, அளவுகோல் மட்டும் நின்றுவிட்டது. 1986-இல் பி.சி.ஜி.எஸ்., 1987-இல் என்.ஜி.சி. என்று இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் அந்த எண்ணை வைத்தே தொழில் தொடங்கின. காசை ஆராய்ந்து, அசலா என்று தீர்மானித்து, எண் எழுதிய சீட்டோடு ஒட்டுத் தெரியாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடித் தருகின்றன. சேகரிப்பாளர்கள் அதை 'ஸ்லாப்' என்பார்கள். அறுபதிலிருந்து எழுபது வரை எண் பெற்றவை புழக்கத்துக்கே போகாதவை. எண்ணுக்கு முன்னால் எம்.எஸ். என்று இருக்கும். ஐம்பது முதல் ஐம்பத்தெட்டு வரை ஏ.யு., அதாவது கொஞ்சமே கைபட்டவை. நாற்பதுகளில் இருப்பவை நன்றாகவே கைமாறியவை.

இந்த எண்ணைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு ஒளிக்கு. அச்சு பல டன் விசையோடு இறங்கும்போது, தங்கம் ஒரு கணம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிகிறது. அந்த ஓட்டம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளை ஆரம் ஆரமாக விட்டுச் செல்கிறது. ஒற்றை விளக்கின் கீழ் காசை மெல்லச் சாய்த்துச் சுழற்றினால், வரிகளில் பட்ட வெளிச்சம் பட்டையாகத் திரண்டு காசின்மேல் சுற்றி வரும். பழைய சிடி தட்டில் ஒளிக்கீற்று சுழல்வதைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. இதுதான் பிறவிப் பளபளப்பு. ஒரு தடவை அழுத்தித் துடைத்தால் வரிகளின் முனை மழுங்கிவிடும். பிறகு என்ன செய்தாலும் அது திரும்பாது. பாலீஷ் போட்ட காசும் பளபளக்கும். ஆனால் அந்த ஒளி ஒரே இடத்தில் கண்ணாடியாக நிற்கும், சாய்த்தாலும் நகராது. ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் இந்த வித்தியாசம் மறக்காது. தேய்மானத்தைத் தேட வேண்டிய இடங்கள் வேறு: சவரனின் முன்புறத்தில் ஜார்ஜ் மன்னரின் புருவம், மீசை, பின்புறத்தில் புனித ஜார்ஜின் தொடை, குதிரையின் தோள். மேடான இடங்கள்தானே முதலில் உரசும்.

இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் குறுக்கே வருகிறது. தங்கம் என்றால் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டு பிரஷால் தேய்ப்போம். உரைகல்லில் இழுப்போம். மாலையில் கோக்கப் பற்றாசு வைத்து வளையம் ஒட்டுவோம். பண்டிகைக்கு முன் கடையில் கொடுத்து மெருகேற்றுவோம். உலோகமாகப் பார்த்தால் இதில் எதுவும் தவறில்லை, எடை பெரிதாகக் குறைவதும் இல்லை. காசின் தோலுக்கு ஒவ்வொன்றும் வெட்டுக்காயம். வளையத்தைக் கழற்றி அரம் போட்டு மறைத்தாலும் விளிம்புப் பற்கள் அந்த இடத்தில் சப்பையாகிக் காட்டிக்கொடுக்கும். இப்படிப்பட்ட காசை அனுப்பினால் நிறுவனம் எண் தராது. அசல்தான், ஆனால் கழுவப்பட்டது அல்லது வளையம் நீக்கப்பட்டது என்று சீட்டில் எழுதி 'டீடெய்ல்ஸ்' என்ற தலைப்பில் மூடிவிடும். விற்பவர் அந்தச் சொல்லின்மேல் விரல் வைத்து மறைத்துக்கொண்டு, "ஸ்லாப் காயின் சார்" என்பதும் உண்டு. பாட்டியின் காசுமாலையிலிருந்து வந்த காசைத் தங்க விலைக்குத் தாராளமாக வாங்கலாம். தர விலை கொடுத்து வாங்கக் கூடாது.

விலையைப் பிரித்துப் பார்க்கும் வழி எளிது. சவரன் காசின் எடை 7.988 கிராம். அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். அன்றைய 24 கேரட் கிராம் விலையை 7.32-ஆல் பெருக்கினால் வருவது உலோகத்தின் விலை. கேட்கும் தொகையில் அதைக் கழித்த மிச்சம், தோலுக்கும் சீட்டுக்கும் நீங்கள் கொடுப்பது. 1918 பம்பாய் சவரனில் 58 முதல் 62 வரை எண் பெற்ற ஒன்றுக்கு அந்த மிச்சம், தங்க விலையில் கால் பங்கைத் தாண்டினால் நான் எழுந்து வந்துவிடுவேன். 13 இலட்சம் அடித்த காசு, இன்னொன்று கிடைக்கும். சங்கிலிக்குச் சேதாரம் கொடுக்க முகம் சுளிக்காதவர்கள்கூட இந்த மிச்சத்தைக் கேட்டதும் அதிர்ந்துபோவது எனக்கு வேடிக்கையாக இருக்கும். சேதாரம் போனது போனதுதான். தோலுக்குக் கொடுத்தது, தோல் அப்படியே இருந்தால், அடுத்த சேகரிப்பாளரிடம் திரும்பக்கூடும். அடகுக்கடையில் மட்டும் எதிர்பார்க்காதீர்கள், அங்கே எடை ஒன்றுதான் பேசும்.

ஒரே வகைக் காசில் 62-க்கும் 64-க்கும் இடையே விலை எகிறிப் போகலாம். ஆனால் வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எனக்குப் பிடித்த எண் 58. கொஞ்சம் கைபட்டு, ஆனால் பளபளப்பும் முகமும் கெடாமல் இருக்கும் காசு அது. கீறல் மண்டிய 61-ஐவிட அழகாக இருக்கும், விலையும் குறைவு. இந்தத் தரத்தில் இதுவரை இத்தனைதான் என்று நிறுவனங்கள் வெளியிடும் எண்ணிக்கையையும் அப்படியே நம்ப வேண்டாம். அதிக எண் ஆசையில் ஒரே காசைப் பெட்டியை உடைத்து மறுபடி மறுபடி அனுப்புவார்கள், கணக்கில் அது பல காசாகிவிடும். இன்றைய புதுக்காசுகளில் 70 என்பது ஆச்சரியமே இல்லை, இயந்திரத்திலிருந்து எடுத்ததும் பெட்டிக்குள் போகிறது. அதற்குக் கூடுதல் பணம் தருவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

போலிகளுக்கு வருவோம். தாமிரத்துக்குத் தங்கப் பூச்சு பூசிய போலி சுலபத்தில் மாட்டும். சங்கடம் தருபவை நல்ல தங்கத்திலேயே அடித்தவை. 1950, 60-களில் பெய்ரூட்டில் இப்படி ஏராளமாகச் சவரன் அடித்தார்கள். காசு அதன் தங்கத்தைவிட அதிக விலைக்குப் போனதால் அதிலும் லாபம் இருந்தது. கடையில் இருக்கும் கேரட் மீட்டர் இவற்றைப் பார்த்து 22 கேரட் என்று உண்மையைத்தான் சொல்லும். பெட்டிக்குள் இல்லாத சவரன் என்றால் அளந்து பாருங்கள்: விட்டம் 22.05 மி.மீ., கனம் 1.52 மி.மீ. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்திலோ இன்ஸ்பெக்‌ஷனிலோ வேலை பார்த்தவர் கையில் வெர்னியர் கொடுத்தால் அரை நிமிட வேலை. நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போட்டால் ஏறத்தாழ 0.46 கிராம் குறைய வேண்டும். தேய்ந்த காசுக்கும் அந்நாளைய சட்டம் 7.938 கிராம் என்று ஒரு கீழ்வரம்பு வைத்திருந்தது.

இதைவிட நயமான சோதனை ஒன்று உண்டு. 1918 முதல் 1924 வரையிலான ஆண்டு பொறித்து லண்டன் சவரன் அடிக்கவே இல்லை. ஆகவே 1918 என்று போட்ட எந்தச் சவரனும் கிளைகளில் அடித்ததாகத்தான் இருக்க வேண்டும்; கிளைகளின் காசுகளில் எழுத்து இருக்கும். பம்பாய்க்கு உரிய 'ஐ' எழுத்து, குதிரையின் காலடியில் தரைக்கோட்டின் நடுவே, ஆண்டுக்கு நேர்மேலே, மிகச் சிறியதாக. எழுத்தே இல்லாத 1918 சவரனைக் கண்டால் விலை பேசவே வேண்டாம். 2013-இல் இந்தியாவில் மீண்டும் அடிக்கப்பட்ட சவரனிலும் அதே எழுத்து உண்டு, ஆனால் அதில் இருப்பது எலிசபெத் ராணி.

பெட்டியையும் போலி செய்கிறார்கள். சீட்டின் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்ப்பது முதல் படி. நிஜமான ஒரு எண்ணையே திருடி ஒட்டியிருக்கலாம் என்பதால், அங்கே படம் இருந்தால் காசின் கீறல்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். கீறல் ஒவ்வொரு காசுக்கும் தனி.

நட்சத்திர வராகன் மாதிரி, சென்னைத் தங்கசாலை வழி வந்த பழைய காசுகள்மேல் பலருக்கு ஆசை உண்டு. ஆண்டு கிடையாது, அச்சு வகைகளோ ஏராளம். முதல் கொள்முதலுக்கு அது வேண்டாம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் கண்ணாடி வழியாகச் சில முறை பார்த்துப் பழகிவிட்டு வாருங்கள். வீடு கட்டத் தோண்டும்போது கிடைத்த புதையல் என்று யாராவது ரகசியமாகக் காட்டினால், அநேகமாகப் பித்தளை. நிஜமாகவே புதையலாக இருந்தால் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும்.

பம்பாய்க் காசுகளுக்கும் இப்போது நூறு வயது தாண்டிவிட்டது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. "இப்போ வாங்கிக்கோங்க, அப்புறம் அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடு போட்டுக்கலாம்" என்று விற்பவர் சொன்னால் இந்தச் சட்டத்தை அவரிடம் நினைவூட்டலாம். ஏற்கெனவே பெட்டியிலிருக்கும் காசென்றால் அது இறக்குமதியான ஆவணத்தைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு இலட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க விற்பவருக்கு அனுமதி இல்லை, வங்கி வழியாகக் கொடுங்கள். பில்லில் ஆண்டு, எழுத்து, எடை, தர எண், சீட்டின் எண் ஐந்தும் எழுதச் சொல்லுங்கள். "தங்கக் காசு ஒன்று" என்று மட்டும் எழுதிய பில்லை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.