மாலியின் குழலும் மேடைப் பதிவுகளும்

ஓவியன் தீட்டிய சித்திரமும் சிற்பி செதுக்கிய சிலையும் அவன் மறைந்த பின்னும் நிலைத்து நிற்கின்றன. இசையோ தோன்றிய கணத்திலேயே மறையும் இயல்பினது. இக்குறையை ஒருவாறு நீக்கியது ஒலிப்பதிவுக் கருவி. ஆயின், பதிவு என்னும் ஒரே சொல்லால் நாம் இருவேறு பொருள்களைக் குறித்து வருகின்றோம். வித்வானைக் கதவடைத்த கூடத்தில் அமர்த்தி, நேரம் குறித்து, பிழை நேர்ந்தால் மீண்டும் வாசிக்கச் செய்து எடுப்பது ஒன்று. சபை நடுவே நிகழும் கச்சேரியை நிகழ்ந்தவாறே பற்றி வைப்பது மற்றொன்று. இவ்விரண்டின் வேற்றுமையை உணர்தற்குப் புல்லாங்குழல் வித்வான் டி. ஆர். மகாலிங்கத்தின் இசை வாழ்வைப் போல் ஏற்ற சான்று வேறு காண்டல் அரிது. அவரை இசையுலகம் ‘மாலி’ என்றே வழங்கும். சோழவந்தானில் பிறந்து நாடகத்திலும் திரைப்படத்திலும் பாடிப் புகழ்பெற்ற டி. ஆர். மகாலிங்கம் வேறொருவர், முதலெழுத்துக்களும் ஒன்றாகவே அமைந்துவிட்டமையால் இதனை முதலிலேயே சொல்லிவிடுதல் நலம்.

மாலி 1926ஆம் ஆண்டு திருவிடைமருதூரில் பிறந்தவர். ஜால்ரா கோபாலய்யரிடம் இசை பயின்றார்; குழலையோ தாமே ஊதிப் பழகிக் கொண்டார். 1933இல், ஏழாம் வயதிலேயே, மயிலாப்பூரில் மேடை ஏறினார். அவருக்கு முன்னர்க் குழலைக் கச்சேரிக்குரிய தனி வாத்தியமாக உயர்த்தியவர் கும்பகோணம் சரப சாஸ்திரிகள். அவர் வழி வந்தவர் பல்லடம் சஞ்சீவ ராவ். மாலி அவ்வழியினின்றும் விலகி, வாய்ப்பாட்டின் குழைவையும் கமகத்தையும் மூங்கிலில் வருவிக்க முயன்றார். துளையை முழுதும் மூடாமலும் முழுதும் திறவாமலும் விரலை வைக்கும் முறையாலும், ஊதும் காற்றை உதட்டால் ஆளும் திறத்தாலும் அதனை நிறைவேற்றினார். இன்று தமிழ்நாட்டிற் குழல் வாசிப்போருட் பலர், அறிந்தோ அறியாமலோ, அவர் வகுத்த நெறியிலேயே செல்கின்றனர். அவருடைய மாணாக்கர் என். ரமணி அந்நெறியை நாடெங்கும் பரப்பினார்.

இத்தகைய இசையைப் பழைய இசைத்தட்டு எங்ஙனம் தாங்கும்? நிமிடத்திற்கு எழுபத்தெட்டுச் சுற்றுச் சுழலும் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்திற்குச் சற்று மேலாகவே கொள்ளும். சிதம்பரத்தில் திருவாதிரைத் திருவிழாக் காலத்தே வீதியில் நின்று நாகசுரம் கேட்டோர் இதனை எளிதில் உணர்வர். ஒரு வீதி முழுதும் ஓரே இராகம் விரிந்து செல்லும்; அதனை மூன்று நிமிடத்தில் அடக்கு என்றால் வாசிப்பவர் என் செய்வார்? இராகத்தின் முகத்தை மட்டும் காட்டிவிட்டு விரைந்து மறைவார். 1948இல் அமெரிக்காவில் நெடுந்தட்டு தோன்றி, ஒரு பக்கத்திற்கு இருபது நிமிடத்திற்கு மேலும் இடம் கிடைத்தது; நம்மவர் கைக்கு அது வரப் பின்னும் சில காலம் சென்றது.

மாலியின் தட்டுக்களும் உள. ஆயினும் அவரது பெருமை தங்கியிருப்பது ரசிகர்கள் சுருள்நாடாவிலும், பின்னர்க் கேஸட்டிலும், கச்சேரி மேடைகளிற் பிடித்து வைத்த பதிவுகளிலேயே என்பது எம் கருத்து. அவர் வாசிப்பில் மௌனத்திற்குப் பேரிடம் உண்டு. ஒரு பிடியை வாசித்து நிறுத்துவார், சபை காத்திருக்கும், பிடிலும் காத்திருக்கும், பின்னர் எவரும் எதிர்பாராத ஸ்வரத்தில் வந்து சேர்வார். பதிவுக்கூடத்தில் அம்மௌனம் வீண் நேரம். கச்சேரியில் அதுவே சங்கீதம். மைசூர் சௌடய்யா, லால்குடி ஜெயராமன், பாலக்காடு மணி ஐயர் முதலியோர் அவருடன் அமர்ந்து வாசித்தனர். மேடைப் பதிவில் அவர்கள் மாலிக்கு விடையிறுப்பதும், சில வேளை அவரை முந்துவதும் நமக்குக் கேட்கின்றன. மூச்சுத் தடுமாறுவதும், சுருதி சேர்ப்பதும், அவையோர் இருமலுங்கூடக் கேட்கின்றன. இவற்றைக் குறையென்று தள்ளுவோர் உளர். எமக்கோ, நிகழ்ந்தது நிகழ்ந்தபடி வந்தது என்பதற்கு அவையே சாட்சியாகத் தோன்றுகின்றன.

மாலி சொன்ன நாளிற் கச்சேரிக்கு வாராமற் போவதும், வந்தும் இடையில் நிறுத்திவிடுவதும் உண்டென்பது ஊரறிந்த செய்தி. ஆகவே அவர் மனமொன்றி வாசித்த ஒரு மாலையைப் பற்றிய நாடா ரசிகர்க்குப் புதையலாயிற்று.

கடல் கடந்தும் இதற்கு ஒப்புமை காணலாம். அமெரிக்காவின் தென்மாநிலங்களில், பருத்திக்காடுகளில் உழைத்த கறுப்பு மக்களின் துயரிற் பிறந்த பாட்டு ‘ப்ளூஸ்’. அதன் கிதார் வித்தகர் பி. பி. கிங், மாலிக்கு ஓராண்டு முன்னர், 1925இல், மிசிசிப்பி மாநிலத்திற் பிறந்தவர். 1964இல் சிகாகோ நகரின் ரீகல் அரங்கிலும், 1970இல் அந்நகரத்துச் சிறைச்சாலையொன்றிலும் அவர் வாசித்தவை தட்டுக்களாயின. இருபதாண்டு கழித்து, 1990இல் வெளிவந்தது மற்றொரு சிறையிற் பதிந்த கச்சேரி. சிறையில் கைதிகள் எழுப்பும் ஆரவாரம் அப்பாட்டுக்குப் பக்கவாத்தியம் போலாகின்றது. இத்தட்டுக்களை ஆண்டு முறையில் வைத்துக் கேட்டால், ஒரே மனிதரின் விரலும் குரலும் வயதோடு எங்ஙனம் மாறின என்பது தெளிவாம். ஆனால் கிங்கின் பதிவுகள் வாணிக நிறுவனம் முன்னரே திட்டமிட்டு எடுத்தவை. நாளும் இடமும் உறையில் அச்சிடப்பட்டவை. மாலியினுடையவற்றுட் பல, அன்பர் ஒருவர் தம் கருவியை மேடையோரம் வைத்து எடுத்து, நண்பர்க்குப் படியெடுத்துக் கொடுத்து, அவர் பிறர்க்குக் கொடுத்துப் பரவியவை. படிக்குப் படி இரைச்சல் மிகும். உறையிலுள்ள குறிப்போ குறைந்துகொண்டே வரும்.

இக்குறிப்புக் குறைவே பெருங்கேடு. சிறுவன் மாலியும், நடுவயது மாலியும், சில ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்து திரும்பி 1986இல் மறைந்த மாலியும் ஒருவரல்லர் என்று சொல்லத்தக்க அளவு வேறுபட்டவர்கள். நாள் அறியாத நாடாவைக் கொண்டு அவரது வளர்ச்சியை எவரும் வரைய இயலாது. கருவியின் ஓட்டம் சற்றுத் தளர்ந்தாலும் சுருதி இறங்கிவிடும். அவர் எடுத்த குழல் எந்தச் சுருதியினது என்பதும் மயங்கிப் போகும்.

1980இல் சென்னையில் தோன்றிய ‘சம்பிரதாயா’ போன்ற இசைக் காப்பகங்கள் இத்தகைய பதிவுகளைத் திரட்டியுள்ளன. நம் பக்கத்திலோ, சிதம்பரத்தில் 1929 முதலே இசைக் கல்லூரி உண்டு. கடலூரிலும் சிதம்பரத்திலும் வீட்டுப் பெட்டிகளில் பழைய நாடாக்களை வைத்திருக்கும் குடும்பங்கள் இருத்தல் கூடும். கடற்காற்றின் ஈரம் நாடாவுக்குப் பகை: பூஞ்சணம் படரும், காந்தப் பூச்சு உதிரும். அவற்றைக் கணினிக்கு மாற்றுங்கால் இரைச்சலை நீக்குகின்றோம் என்று மௌனங்களையும் சேர்த்து வெட்டிவிடலாகாது. வெட்டாத படியொன்றைத் தனியே வைத்து, எந்த ஊர், எந்த ஆண்டு, பிடில் யார், மிருதங்கம் யார் என்பவற்றை, வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு, இன்றே எழுதி வைத்தல் வேண்டும். அவர்களுக்கு மட்டுமே அது தெரியும்.