மலையைத் துளைக்கும் அணு

மலைக்கு அப்பாலுள்ள ஊரை அடைய விரும்புவோன் அம்மலையை ஏறிக் கடத்தல் வேண்டும். ஏறும் வலிமை இல்லையேல் அவன் இப்புறமே நிற்பான். இரசாயன மாற்றங்களும் இத்தகையனவே. ஒரு பொருள் மற்றொரு பொருளாக மாறுதற்கு இடையே ஆற்றல் தடை ஒன்று உண்டு. அதனைக் கடக்கும் வலிமையை வெப்பம் தருகிறது. இரு வழிகள் இருப்பின், தடை தாழ்ந்த வழியிலேயே மாற்றம் விரைந்து நிகழும். இரசாயன அறிஞர் நெடுங்காலம் கொண்டிருந்த கொள்கை இதுவே.

ஆயினும், அணுக்களின் உலகில் வேறொரு வழியும் உண்டு. மிக நுண்ணிய துகள்கள் அலையின் இயல்பும் உடையவை. ஆதலின், அவை தடையின் உச்சிக்கு ஏறாமலே அதனை ஊடுருவி மறுபுறம் சேர்தல் கூடும். இதனைக் குவாண்டம் ஊடுருவல் என்பர். தடையின் அகலம் குறைவாகவும் துகளின் எடை குறைவாகவும் இருந்தால் இஃது எளிதில் நிகழும். ஆகவே, அணுக்களுள் மிக இலேசான ஹைட்ரஜனே இதில் வல்லது.

ஹைட்ரஜனுக்கு உடன்பிறப்பு ஒன்று உண்டு. 1931ஆம் ஆண்டில் யூரே என்னும் அமெரிக்க அறிஞர் கண்டறிந்த டியூட்டீரியமே அது. அதன் கருவில் நியூட்ரான் ஒன்று மிகுதி. எடையோ ஏறக்குறைய இரு மடங்கு. இவ்வாறு எடையில் வேறுபட்ட ஒரே தனிமத்தின் அணுக்களை ஐசோடோப்புகள் என்கிறோம்.

இவ்விரண்டையும் கொண்டு, ஜெர்மனியில் கீசன் பல்கலைக்கழகத்து ஷ்ரைனரும் அவர்தம் குழுவினரும் செய்த சோதனை 2011இல் வெளியாயிற்று. பைருவிக் அமிலத்தை மிகுந்த வெப்பத்திற்கு உட்படுத்தி, அதிலிருந்து தோன்றிய மூலக்கூறுகளை உறைந்த ஆர்கானுள் அவர்கள் சிறைப்படுத்தினர். அங்கு நிலவிய வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழ் 262 டிகிரி சென்டிகிரேடு. அக்கடுங்குளிரில் எத்தடையையும் ஏறிக் கடத்தல் இயலாது. அம்மூலக்கூறுகளுக்கு இரு வழிகள் இருந்தன. வினைல் ஆல்கஹாலாக மாறும் வழியில் தடை தாழ்ந்தது, ஆனால் அகன்றது. அசிட்டால்டிஹைடாக மாறும் வழியில் தடை உயர்ந்தது, ஆனால் குறுகியது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாதி மூலக்கூறுகள் மாறிவிட்டன. கிடைத்த பொருள் அசிட்டால்டிஹைடே! இடம் பெயரும் ஹைட்ரஜனுக்குப் பதிலாக டியூட்டீரியத்தை வைத்துப் பார்த்தனர். மாற்றம் எதுவும் காணப்படவில்லை. எடை மிகுந்தமையால் ஊடுருவும் வழி அடைபட்டது.

உயிர்ப்பொருள்களிலும் இவ்விந்தை உண்டு. 1989இல் கிளின்மன் அம்மையாரும் அவர்தம் குழுவினரும், ஈஸ்ட்டிலுள்ள நொதி ஒன்றின் செயலில் ஹைட்ரஜன் ஊடுருவிச் செல்வதை ஐசோடோப்புகளின் துணைகொண்டு காட்டினர்.

தடையின் உயரத்தை மட்டும் அளந்தோர் அதன் அகலத்தையும் அளக்கக் கற்றனர். முன்னைய கொள்கை பொய்யாகிவிடவில்லை. அதன் எல்லை தெளிவாயிற்று. கண்ட உண்மைக்கேற்பத் தன் கொள்கையைத் திருத்திக்கொள்ளுதலே அறிவியலின் நெறியாகும்.