பருவக்காற்றுக்கு என்ன மதிப்பு?

சென்னை அடையாற்றுக்குத் தெற்கே, தரமணியில் உள்ள முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தைத் தொடக்கக் காலத்தில் வழிநடத்திய சி. வி. சேஷாத்ரி (1930–1995), கான்பூர் ஐ.ஐ.டி.யில் வேதிப்பொறியியல் கற்பித்தவர். கிராமத்து ஆற்றல் தேவை பற்றி அவர் எழுப்பிய கேள்வி, எந்த எரிபொருள் மலிவு என்பதைக் காட்டிலும் அடிப்படையானது. வெப்பம் வேலையாக மாறுவதை ஆராயும் வெப்ப இயக்கவியல், ஒரு வெப்ப மூலம் சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு சூடானதோ அவ்வளவு உயர்ந்தது என மதிப்பிடுகிறது. இந்த அளவுகோலின்படி அனல்மின் நிலையக் கொதிகலனுக்கு உயர்ந்த இடம் கிடைக்க, சுற்றுப்புறச் சூட்டிலேயே நாடு முழுக்க நீரைச் சுமந்துவரும் பருவமழையும் ஏர் இழுக்கும் மாடும் கணக்கிலேயே வராமற்போகின்றன என்று அவர் சுட்டிக்காட்டினார். கணக்குத் தவறன்று, எந்திரத்துக்கு வகுத்த அளவை வயலுக்கும் நீட்டியதே சிக்கல் எனக் கொள்வது பொருந்தும்.

சாண எரிவாயுவை, அதாவது ஊரார் சொல்லும் கோபர் கேஸை, எடுத்துக்கொள்ளலாம். சம அளவு நீரில் கரைத்துக் காற்றுப் புகாத கலனில் விட்ட சாணத்தை, ஆக்சிஜன் இன்றி வாழும் நுண்ணுயிரிகள் சுமார் 35 டிகிரி செல்சியஸில், நம் கோடை நாளின் சூட்டிலேயே, சிதைத்து, பாதிக்குமேல் மீத்தேன் கொண்ட வாயுவை வெளியிடுகின்றன. கிலோ சாணத்துக்கு ஏறத்தாழ 40 லிட்டர் கிடைப்பதால், நான்கைந்து மாடுகள் உள்ள குடும்பத்தின் அடுப்புக்கு அது போதும். வறட்டியாகத் தட்டி எரித்தால் புகையோடு போய்விடும் தழைச்சத்து, கலனிலிருந்து வழியும் கரைசலில் பெரும்பாலும் தங்கி, எருவாக வயலுக்குத் திரும்புகிறது. மாடுகளை விற்றுவிட்ட வீட்டில் இதே கலன் தூர்ந்த கிணறாகக் கிடக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி வேறு வழியில் சென்றது. விறகுத் துண்டுகளைக் குறைந்த காற்றில் அரைகுறையாக எரித்து, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த எரிவாயுவாக்கும் ‘கேசிஃபையர்’ கலனைக் கொண்டு குடிநீர் மோட்டாரை ஓட்டிப் பார்த்த அவ்வூராட்சி, 2006இல் சுமார் 1.55 கோடி ரூபாயில், பெரும்பகுதி வங்கிக் கடனாக, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. ஆலை நிற்பது ஓடந்துறையில் அன்று; பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று விரைந்து நுழையும் உடுமலைப் பக்கம். அங்கே மின்தொகுப்பில் சேரும் மின்சாரம் ஊராட்சியின் தெருவிளக்கு, குடிநீர்க் கட்டணங்களில் கழிக்கப்பட, மிஞ்சியதை மின்வாரியம் விலைக்கு எடுத்துக்கொண்டது. கடன் தவணையும் அந்த வருவாயிலிருந்தே கட்டப்பட்டது.