காடு நாறுவதில்லை, வீடு ஏன் நாறுகிறது?

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் சென்றால் ஜவ்வாது மலை அடிவாரத்தில் அமிர்தி வந்துவிடும். மழைக்காலத்தில் அங்கே அருவிக்குப் போகும் காட்டுப் பாதையில் நடந்து பாருங்கள். காலடியில் சருகுகள் மக்கிக் கிடக்கும். பட்டுப்போன மரத்தில் காளான் பூத்திருக்கும். ஆனாலும் மூக்கைப் பொத்தத் தோன்றாது. ஆழ்ந்து மூச்சிழுக்கவே தோன்றும். ஊர் திரும்பி, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தாலோ குப்பென்று ஒரு வாடை! காட்டைவிட வீட்டில் அழுகுவதற்கு அப்படி என்ன இருக்கிறது?

அழுகுதல் என்பது நுண்ணுயிர்கள் உணவு உண்ணும் செயலே. காற்று தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் அவை சருகின் கார்பனைப் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாற்றிவிடுகின்றன. இவ்விரண்டுக்கும் மணமில்லை. ஆக்சிஜன் எட்டாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலையை ஏற்கின்றன. அவை அரைகுறையாகச் சிதைத்து, அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயுக்களை வெளிவிடுகின்றன. காட்டிலும் பெரிய விலங்கு இறந்து கிடந்தால் நாறத்தான் செய்யும். அதன் உடலுக்குள் காற்று புகாது அல்லவா? மழை பெய்ததும் எழும் மண்வாசனைகூட மண்ணிலுள்ள ஒருவகை பாக்டீரியங்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருளால் வருவதுதான். காட்டில் அதை ரசிக்கும் நாம், குடிநீரில் அது வந்தால் முகம் சுளிக்கிறோம்!

ஆகவே வீட்டில் நாற்றம் என்றால், எங்கோ ஈரமும் காற்றின்மையும் கூடியிருக்கின்றன என்று பொருள். நாமோ உடனே ஊதுவத்தி கொளுத்துகிறோம். இதனால் நாற்றத்தின் மூலக்கூறு எங்கும் போய்விடுவதில்லை. நம் மூக்கில் ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள் உள்ளன. (இவற்றுக்குரிய மரபணுக்களைக் கண்டறிந்த ரிச்சர்டு ஆக்செல், லிண்டா பக் இருவரும் 2004-ல் நோபல் பரிசு பெற்றனர்.) ஊதுவத்தி மணம் இந்த ஏற்பிகளைத் தூண்டி, பழைய வாடையை அமுக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. அதோடு நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகள்களையும் புகை அறையில் நிரப்புகிறது. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

முதலில் வாடை பிறக்கும் இடத்தைத் தேடுங்கள். உங்கள் மூக்கு வீட்டு வாடைக்குப் பழகிப் போயிருக்கும். பத்து நிமிடம் வெளியே நின்றுவிட்டு உள்ளே வாருங்கள், தெரிந்துவிடும். குளியலறைத் தரைச் சல்லடையின் கீழே வளைந்த குழாயில் எப்போதும் சிறிது நீர் நிற்கும். சாக்கடை வாயுவை மேலே வரவிடாமல் தடுப்பது அந்நீரே. சில வாரங்கள் புழங்காவிட்டால் அது வற்றிவிடும். இதற்கு வாசனைத் திரவியம் எதற்கு? ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் போதும். மீன் வாடைக்குக் காரணமான டிரைமெத்தில் அமீன் ஒரு காரப்பொருள். புளிக்கரைசலிலுள்ள அமிலம் அதை ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுகிறது. மீன் சட்டியைப் புளி போட்டுக் கழுவும் நம் பாட்டிமார் வழக்கத்தில் நல்ல வேதியியல் இருக்கிறது. எதிரெதிர் சன்னல்களை நாள்தோறும் சிறிது நேரம் திறந்து வையுங்கள். ஈரத்துணியை வெயிலில் போடுங்கள். மூடிய அலமாரிக்குக் கிளர்வூட்டப்பட்ட கரி ஏற்றது. அதன் ஒரு கிராமிலுள்ள நுண்துளைகளின் பரப்பு 500 சதுர மீட்டருக்கும் மேல்; வாடை மூலக்கூறுகள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. அடுப்புக் கரிக்கு இந்த ஆற்றல் மிகக் குறைவு.

சில வழிகள் ஆபத்தானவை. மழைக்கால இரவில் சாம்பிராணிக்காகக் கரி நெருப்பை மூட்டி, சன்னலைச் சாத்திவிட்டு உறங்கவே கூடாது. கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. அறை கமகமவென்று மணக்கும்போதே அது உயிரைப் பறித்துவிடும்! கழிவறையில் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றினால் நச்சு வாயுவான குளோரின் கிளம்பும். நாப்தலின் உருண்டை போட்டு வைத்த துணியைப் பச்சிளங் குழந்தைக்குச் சுற்றாதீர்கள். பிறவியிலேயே ஒருவகை நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அதனால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும்.

வாடை நீங்கிய பிறகு மணம் வேண்டுமென்றால் ஜவ்வாது மலையிடமே கேட்கலாம். அம்மலை சந்தன மரத்துக்குப் பேர்பெற்றது. மரத்தின் வெளிப்பகுதியில் மணமில்லை. நடுவிலுள்ள வைரத்தில்தான் எண்ணெய் இருக்கிறது. அதன் முக்கியப் பொருளான சாண்டலால் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசில்தான் கொதிக்கும். எலுமிச்சைத் தோலின் லிமோனீனோ 176 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் எலுமிச்சைத் தோலின் மணம் விரைவில் பறந்துவிட, துணிப்பெட்டிக்குள் போட்ட சந்தனச் சிராய் மெல்ல மெல்ல ஆவியாகி, நெருப்பும் புகையும் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் மணந்துகொண்டிருக்கிறது.