ஓய்ந்திருந்த கால்கள்



சென்ற ஆண்டு கோடை விடுமுறை முடிந்து, இரண்டு இரவு ரயிலில் உட்கார்ந்து விடுதிக்கு வந்து சேர்ந்த அன்று மாலையே நான் பந்தாட்டத் திடலில் இறங்கினேன். இரண்டு மாதம் அம்மா கைச் சமையலை உண்டு திண்ணையில் சாய்ந்து கிடந்த உடம்பு அது. கொஞ்ச நேரம் ஆடியபின், உருண்டோடிய பந்தைத் துரத்தி முழு வேகத்தில் பாய்ந்தேன். தொடையின் பின்புறத்தில் யாரோ கல்லால் அடித்தாற்போல் சுளீரென்றது. திரும்பிப் பார்த்தேன், பின்னால் ஒருவரும் இல்லை! அந்தப் பருவத்து விடுதிப் போட்டிகள் அனைத்தையும் எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்துதான் பார்த்தேன்.

உட்கார்ந்திருந்த நாட்களில், இது ஏன் நேர்ந்தது என்று தேடிப் படித்தேன். என்னைப் போன்ற சோம்பேறிகளுக்கு மட்டும் வருவதன்று இது. ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்களையும் விடுவதில்லை என்று அறிந்தேன்.

2020ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். கொரோனாப் பெருந்தொற்றினால் ஜெர்மனியின் முதல்தரக் கால்பந்துப் போட்டியாகிய புண்டஸ்லிகா மார்ச் 13 அன்று நிறுத்தப்பட்டது. மே 16 அன்று, பார்வையாளர் இல்லாத அரங்குகளில் மீண்டும் தொடங்கியது. இடையில் ஒன்பது வாரம். அன்று ஷால்கே அணியை எதிர்த்த டார்ட்மண்ட் அணியில், முதன்முறையாகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்க இருந்தவர் 17 வயது ஜியோவானி ரெய்னா. ஆட்டம் தொடங்குமுன், உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும்போதே அவர் காயமுற்றார். அவருக்குப் பதிலாகத் தோர்கன் அசார் ஆடினார்.

ஒருவர் காயத்தைக் கொண்டு முடிவு கட்டலாகாது. அந்தப் பருவத்துக் காயங்களை எண்ணிய ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை: காயம் மிகுந்தது என்றது ஒன்று; மிகவில்லை என்றது மற்றொன்று. ஆனால் நீண்ட ஓய்வு தசைக்கு என்ன செய்யும் என்பதில் தெளிவு இருக்கிறது.

தொடையின் பின்புறம் மூன்று தசைகள் உண்டு. ஹாம்ஸ்ட்ரிங் என்பார்கள். இடுப்பெலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே முடிபவை. நாம் விரைந்து ஓடும்போது கால் முன்னே வீசப்படுகிறது. பாதம் தரையைத் தொடுமுன் அந்த வீச்சைப் பிடித்து நிறுத்துவது இவற்றின் வேலை. மாடியிலிருந்து பாரமான மூட்டையைக் கயிற்றில் கட்டி இறக்குபவனை நினைத்துப் பாருங்கள். கயிற்றை விட்டுக்கொண்டே பிடிக்கிறான், பிடித்துக்கொண்டே விடுகிறான். இந்தத் தசைகளும் அப்படியே, நீண்டுகொண்டே இழுக்கின்றன. கிழிசல் பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான் நேர்கிறது.

நீண்டுகொண்டே தாங்கும் இந்த வலிமை, பயிற்சி நின்ற சில வாரங்களிலேயே குறையத் தொடங்குகிறது. வீட்டில் நிலைச் சைக்கிள் மிதிக்கலாம். பேயர்ன் மியூனிக் அணியினர் காணொலி வழியே கூடிப் பயிற்சி செய்தார்கள். இதயமும் நுரையீரலும் அதனால் பயன்பெறும். ஆனால் சைக்கிளில் காலை வீசுவதும் இல்லை, வீச்சைப் பிடிப்பதும் இல்லை. முழு வேக ஓட்டத்துக்கு நாலு சுவருக்குள் ஈடு கிடையாது.

இதில் ஒரு வஞ்சகமும் இருக்கிறது. மூச்சு குறைந்தால் இரைக்கிறது, நாமே நின்றுவிடுகிறோம். தசையின் வலு குறைந்தால் அப்படி எச்சரிக்கை வருவதில்லை. மனமோ பழைய வேகத்தையே நினைவில் வைத்திருக்கிறது. மனம் கேட்கும் வேகத்தைக் கால் கொடுக்கப் பார்க்கிறது, கிழிகிறது.

ஜெர்மானிய அணிகள் ஏப்ரலில் சிறு குழுக்களாகப் பயிற்சியைத் தொடங்கின. மே 8 அன்று, விதிகளை வகுக்கும் அனைத்துலகக் குழு, மாற்று ஆட்டக்காரர் எண்ணிக்கையை மூன்றிலிருந்து ஐந்தாக்க இடமளித்தது. தற்காலிகமாக வந்த அந்த ஏற்பாடு 2022இல் நிலையான விதிகளிலேயே இடம்பெற்றது. பெருந்தொற்று இல்லாத காலத்திலும் இது சிறிய தொல்லையன்று: ஐரோப்பாவின் முன்னணி அணிகளில் 2001-02 பருவத்தில் நூறு காயங்களில் 12 ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள்; 2021-22இல் 24.

மருந்து எளியது, செலவில்லாதது. முழங்காலிட்டு நில்லுங்கள், நண்பர் ஒருவர் உங்கள் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்கட்டும். முதுகு வளையாமல், உடம்பை முன்னோக்கி மெல்ல மெல்லச் சாயுங்கள். முடியாதபோது கைகளை ஊன்றிக்கொள்ளுங்கள். நார்டிக் பயிற்சி என்று பெயர். இதைச் சேர்த்துக்கொண்ட அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறுகிறார்கள்.

இந்த ஆண்டும் விடுமுறை வரும். ஊரில் இருக்கும்போது வாரம் இரண்டு முறையாவது இதைச் செய்யுங்கள். தம்பியோ தங்கையோ காலைப் பிடிக்க மாட்டார்களா? திரும்பி வந்தால் முதல் வாரம் மெல்ல ஓட்டம், அடுத்த வாரம் அரை வேகம், அதன்பின் படிப்படியாக முழு வேகம். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். சென்ற ஆண்டு நான் பதறினேன், தசை சிதறியது. இந்த ஆண்டு நம் அணியில் பதினொருவரும் திடலுக்குள் நிற்க வேண்டும். எல்லைக்கோட்டுக்கு வெளியே எனக்குத் துணையாக ஒருவரும் வந்து உட்கார வேண்டாம்!