உங்களுக்குத் தெரியுமா? டிரில் பிட்டும் சாணையும்

● டிரில் பிட்டின் உடம்பில் முறுக்கிக்கொண்டு ஏறும் பள்ளங்களின் முக்கிய வேலை சீவலை வெளியே தள்ளுவது. துளை போடுவது நுனியில் இருக்கும் இரண்டு சிறு விளிம்புகள்தாம். அதனால் கடையில் பிட் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள், நுனியைப் பாருங்கள். வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினால், கூரான விளிம்பு கண்ணுக்குக் கோடாகவே தெரியாது. வெள்ளையாக ஒரு கீற்று மின்னினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது.

● முறுக்கு வடிவ பிட்டுக்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டீபன் மோர்ஸ் 1863-ல் காப்புரிமை பெற்றார். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் மூன்று தாடை சக்குக்கு ஆர்தர் ஜேக்கப்ஸ் 1902-ல் காப்புரிமை பெற்றார். இன்றும் பட்டறைகளில் அதற்கு ஜேக்கப்ஸ் சக் என்றே பெயர்.

● நுனியின் நட்டநடுவில், இரண்டு வெட்டு விளிம்புகளையும் இணைத்து ஒரு குட்டிக் கோடு இருக்கும். உளி விளிம்பு என்பார்கள். அது இரும்பை வெட்டுவதில்லை, நசுக்கி ஒதுக்குகிறது. நீங்கள் மெஷினை அழுத்தும் பலத்தில் பாதிக்கு மேல் இந்தக் கோட்டுக்கே போய்விடும். தகட்டின் மேல் பிட் வழுக்கி ஓடுவதற்கும் இதுவே காரணம். அந்தக் கோட்டைவிட அகலமாக சென்டர் பஞ்சால் ஒரு குழி தட்டிக்கொண்டால் பிட் அங்கேயே உட்காரும். பெரிய துளை என்றால் முதலில் சிறு பிட்டால் ஒரு துளை. 10 மி.மீ. துளைக்கு 3 மி.மீ. முன்துளை போதும். அதைப் பெரிதாக்கினால் பெரிய பிட்டின் ஓரங்கள்தாம் உடையும்.

● கடைகளில் அதிகம் கிடைப்பவை இரண்டு நுனிக் கோணங்கள்: 118 டிகிரி, 135 டிகிரி. சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) இரும்பு, அலுமினியம், மரம் எல்லாவற்றுக்கும் 118 ஒத்துவரும். கடினமான எஃகுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் 135. இந்த இரண்டாவது வகையில் பெரும்பாலும் உளி விளிம்பைப் பிளந்து குறுக்கியிருப்பார்கள். அதனால் வழுக்காமல் சட்டென்று பிடிக்கும்.

● தங்க நிற பிட் மேல் இருப்பது டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. தடிமன் சில மைக்ரான்தான். உள்ளே இருப்பது சாதாரண எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) எஃகே. ஒரு முறை சாணை பிடித்தால் நுனியில் அந்தப் பூச்சு போய்விடும். கோபால்ட் பிட் அப்படியில்லை. அதில் 5 அல்லது 8 சதவீதக் கோபால்ட் எஃகோடு கலந்தே இருக்கும், எத்தனை முறை தீட்டினாலும் குணம் மாறாது. சாணை பிடிக்கத் தெரிந்தவர் தங்க நிறத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் முடிவு.

● எச்.எஸ்.எஸ். சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை கடினம் குறையாமல் தாங்கும். பழைய கார்பன் எஃகு பிட் சாணையில் நீலம் பாய்ந்தால் அதோடு போயிற்று. எச்.எஸ்.எஸ்.ஸுக்கு அந்த பயம் இல்லை. ஆனால் சூடேறிய பிட்டைச் சட்டென்று தண்ணீரில் முக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், பிறகு வேலை நடுவில் விளிம்பு உதிரும். லேசாகத் தொட்டு எடுத்து, கையில் பிடிக்க முடியாத சூடு வருவதற்குள் நிறுத்தி ஆறவிடுங்கள்.

● சாணை பிடிப்பதில் சரியாக வர வேண்டியவை மூன்று: கோணம், இரு விளிம்பின் சமநீளம், பின்சரிவு. மூன்றாவதைத்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். வெட்டு விளிம்புக்குப் பின்னால் இருக்கும் பரப்பு 8 முதல் 12 டிகிரி வரை கீழே சரிந்திருக்க வேண்டும். சரியாவிட்டால் விளிம்பு இரும்பைத் தொடுவதற்கு முன் பின்பகுதி போய் உரசும். புகை வரும், கீச்சென்று சத்தம் வரும், துளை மட்டும் வராது.

செய்முறை இதுதான். கிரைண்டரின் கருவித் தாங்கி மேல், கல்லின் முகத்துக்கு 59 டிகிரியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அது 118-ல் பாதி. பிட்டை அந்தக் கோட்டோடு வைத்து, வெட்டு விளிம்பு கிடைமட்டமாக இருக்கும்படி கல்லைத் தொடவிடுங்கள். தொட்டவுடன் வால் பக்கத்தை மெல்லத் தாழ்த்துங்கள். கல் விளிம்பிலிருந்து தொடங்கிப் பின்புறம் வரை சீவிக்கொண்டு போகும், பின்சரிவு தானாக அமையும். அழுத்த வேண்டாம். பிட்டை அரைச்சுற்று திருப்பி மறுபக்கத்துக்கும் அதே தொடுதல், அதே எண்ணிக்கை. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போகலாம் என்று நினைத்தால் நீளம் ஒருபோதும் சமமாகாது. விளிம்புகள் சமமில்லாத 6 மி.மீ. பிட், 6 மி.மீ.யைவிடப் பெரிய துளையைத்தான் போடும்.

● கோணம் பார்க்கக் கருவி வாங்க வேண்டாம். ஒரே அளவுள்ள இரண்டு அறுகோண நட்டுகளைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டவைத்தால் நடுவில் விழும் பள்ளத்தின் கோணம் சரியாக 120 டிகிரி. 118-க்கு அதுவே போதும். பிட்டின் நுனியை அந்தப் பள்ளத்தில் வைத்து, பின்னால் வெளிச்சம் காட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் இடைவெளி தெரிகிறதோ அந்தப் பக்கம் கோணம் சரியில்லை.

● சாணை சரியாக வந்ததா என்று சீவலே சொல்லும். எம்.எஸ். இரும்பில் இரண்டு பள்ளங்களிலிருந்தும் ஒரே அகலத்தில் சுருள் சுருளாக ஏறி வந்தால் இரு விளிம்பும் சமமாக உழைக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் சுருள், மறுபக்கம் பொடி என்றால் மறுபடி கல்லுக்குப் போக வேண்டியதுதான்.

● பிட்டின் நடுத்தண்டு நுனியிலிருந்து வால் பக்கம் போகப் போகத் தடிக்கும். ஆகவே தீட்டித் தீட்டிப் பிட் குட்டையாகும்போது உளி விளிம்பு நீண்டுகொண்டே வரும், கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும். கல்லின் ஓர முனையில் நடுத்தண்டை இருபுறமும் லேசாகச் சீவிக் குறைத்தால் பழைய பிட் புதிது போல இறங்கும்.

● எவ்வளவு வேகம்? எச்.எஸ்.எஸ். பிட், எம்.எஸ். இரும்பு என்றால் எளிய கணக்கு ஒன்று உண்டு. 8,000-ஐ பிட்டின் விட்டத்தால் வகுங்கள். 4 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 2,000 சுற்று, 10 மி.மீ. பிட்டுக்கு 800. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு இதில் பாதிக்கும் கீழே. அந்த எஃகில் பிட் வெட்டாமல் உரசினால் உரசிய இடம் இன்னும் கெட்டிப்படும், அப்புறம் எந்த பிட்டும் இறங்காது. மெதுவான சுற்று, விடாத அழுத்தம், கொஞ்சம் கட்டிங் ஆயில்.

● பித்தளைக்குக் கூர் அதிகமானால் ஆபத்து. பிட் திருகு போலத் தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொண்டு பொருளைப் பிடுங்கிச் சுழற்றும். தீட்டு கல்லால் வெட்டு விளிம்பின் முன்பக்கத்தை மயிரிழை அளவுக்குத் தட்டையாக்கினால் இழுப்பது நின்றுவிடும்.

● மெல்லிய தகட்டில் துளை வட்டமாக வராமல் முக்கோணமாக வருகிறதா? தகட்டை இரண்டு பிளைவுட் துண்டுகளுக்கு நடுவில் கிளாம்ப் போட்டுத் துளையுங்கள். அல்லது படிப்படியாகப் பருக்கும் ஸ்டெப் டிரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

● மர வேலைக்கு நடுவில் ஊசி முனை உள்ள பிட் நல்லது. அலமாரிக் கதவின் கப் கீல்களுக்கு அடிமட்டம் தட்டையான பெரிய குழி எடுக்கும் ஃபோர்ஸ்ட்னர் பிட், பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர் 1874-ல் காப்புரிமை பெற்றது.

● சுவர் பிட்டின் நுனியில் பற்றவைத்திருப்பது டங்ஸ்டன் கார்பைடு துண்டு. சாம்பல் நிறச் சாணைக்கல் அதைத் தீட்டாது, கல்தான் தேயும். பச்சை நிற சிலிக்கான் கார்பைடு கல்லோ வைரக் கல்லோ வேண்டும். டைல்ஸ் மேல் தொடங்கும்போது ஹேமரை நிறுத்திவிடுங்கள். சுவரில் நன்றாக இறங்கிய பிட் ஓரிடத்தில் நின்றுவிட்டால் உள்ளே கம்பி இருக்கலாம். அழுத்தாதீர்கள், துளையை நகர்த்துங்கள். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை வேண்டாம், ஒயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஓடும்.

● மரை போட வேண்டுமா? எம்6 மரைக்கு 5 மி.மீ. துளை, எம்8-க்கு 6.8, எம்5-க்கு 4.2, எம்4-க்கு 3.3. இந்த நான்கு எண்களையும் பட்டறைச் சுவரில் எழுதி வையுங்கள். கலர் கலரான நூறு பிட் பெட்டியைவிட 3, 4, 5, 6, 8, 10 மி.மீ.யில் நல்ல எச்.எஸ்.எஸ். பிட் ஆறு இருந்தால் வீட்டுக்குத் தாராளம்.

● டிரில் மெஷினில் கையுறை போடக் கூடாது. சுழலும் பிட்டில் துணி சிக்கினால் விரல் தப்பாது. கிரைண்டரிலும் அப்படியே. கல்லுக்கும் தாங்கிக்கும் நடுவே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி விடாதீர்கள், கல்லின் பக்கவாட்டில் தீட்டாதீர்கள், கண்ணாடி அணியாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

● மழுங்கிய பிட்டைக் குப்பையில் போடும் பழக்கத்தை விடுங்கள். 10 மி.மீ. பழைய பிட் ஒன்றை எடுத்து முதலில் மெஷின் ஓடாதபோதே அந்தக் கை அசைவைப் பழகுங்கள், அதன்பின் கல்லில் தொடுங்கள். பெரிய பிட்டில் விளிம்பும் சரிவும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அது கைக்கு வந்தபின் சிறிய பிட்டுக்கு இறங்கலாம். 3 மி.மீ.க்குக் கீழே மட்டும் புதிது வாங்கிக்கொள்ளுங்கள்.