ஹெராயினை விட்டாலும் ஆறாத கால்

ஆறாத கால்புண் என்றால் எழுபது வயதைத் தாண்டியவர்களின் நோய் என்றுதான் பொதுவாக எண்ணுகிறோம். ஸ்காட்லாந்தில் அந்தக் கணக்கு பொய்த்துவிட்டது. அங்கே கணுக்காலுக்கு மேல் அகலமான புண்ணோடு கட்டுப்போட வருகிறவர்களில் நாற்பதை எட்டாதவர்களும் உண்டு. ஹெராயினை ஊசியில் ஏற்றியவர்கள் இவர்கள். சிலர் அந்தப் பழக்கத்தை விட்டே பல ஆண்டுகள் ஆகியிருக்கும். போதை ஊசி போட்டுக்கொள்ளும் 200 பேரிடம் அந்நாட்டில் நடத்திய ஓர் ஆய்வு 2014-இல் வெளியானது. அவர்களில் 15 சதவீதம் பேருக்குக் கால்புண் வந்திருந்தது. பொதுமக்களிடையே இது ஏறத்தாழ 1 சதவீதம்தான்.

அளவு மீறி மூச்சடங்கி இறப்பவர்கள் செய்தியாகிறார்கள். ரத்தக்குழாய் கெட்டு, வீங்கிய காலை இழுத்துக்கொண்டு நடப்பவர்களை யாரும் எண்ணுவதில்லை.

ஐரோப்பாவுக்குப் போகும் ஹெராயினில் பெரும்பகுதி ஆப்கானிஸ்தான் சரக்கு. பழுப்புத் தூள், நம் ஊர்ப் போலீஸ் செய்திகளில் ‘பிரவுன் சுகர்’ என்று அடிபடுவதற்கு உறவு. புகைப்பதற்கு வாகான இந்த வகை வெறும் தண்ணீரில் கரையாது. அதனால் ஊசியில் ஏற்றுபவர்கள் ஏதாவது ஓர் அமிலத்தைச் சேர்க்கிறார்கள். ரத்தக்குழாயின் உட்சுவரை எரிப்பதில் அந்த அமிலத்துக்குப் பெரிய பங்கு. எலுமிச்சைச் சாற்றைச் சேர்த்தவர்களுக்கு 1980-களில் கேண்டிடா என்ற பூஞ்சை ரத்தத்தில் கலந்து, கண்ணுக்குள் போய்ப் பார்வையைக் கெடுத்தது. பிரிட்டன் 2003-இல் சட்டத்தைத் திருத்தி, போதை ஊசி போடுவோருக்கான மையங்களே சிட்ரிக் அமிலப் பொட்டலம் கொடுக்க வழிசெய்தது. கேட்க விபரீதமாக இருக்கும். ஆனால் கண்ணைக் காப்பாற்றிய முடிவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் பலியாவது முழங்கை மடிப்பிலுள்ள சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் குத்தும்போது அது தடித்து, கயிறுபோல் இறுகி, அடைத்துக்கொள்கிறது. பிறகு புறங்கை, பிறகு கால். எல்லாம் தீர்ந்ததும் தொடை இடுக்கு. அங்கே ஓடும் பெரிய சிரை வெளியே தெரியாவிட்டாலும் எளிதில் அடைத்துக்கொள்ளாது. அங்குதான் வினையும் பெரிது.

காலிலுள்ள ரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. உள்ளே இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் அது திரும்ப இறங்காமல் தடுக்கின்றன. கிணற்று மோட்டாரில் ஃபுட்வால்வு கெட்டால் ஏறிய தண்ணீர் குழாயோடு கீழே இறங்கிவிடுமே, அதே கதைதான். தொடைச் சிரையில் ரத்தம் உறைந்தால் அந்தக் கட்டி பின்னர் கரைந்தாலும் வால்வுகள் தழும்பாகிவிடுகின்றன. அதன்பின் நிற்கும்போதெல்லாம் ரத்தம் கணுக்காலில் தேங்குகிறது. வீக்கம், அரிப்பு, தோல் கறுத்து இறுகிப்போதல் என்று வருடக்கணக்கில் போய், ஒருநாள் எங்கோ இடித்துக்கொண்ட சிறு காயம் ஆறாமல் நின்றுவிடும். கெட்ட வால்வு திரும்ப முளைப்பதில்லை. போதையை முழுவதும் விட்டவருக்கும் இதே நிலைதான். உறைந்த கட்டியிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் அங்கேயே உயிர் போகலாம்.

தொடைச் சிரையை ஒட்டியே தொடைத் தமனி, அதாவது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய், ஓடுகிறது. ஊசி தவறித் தமனிக்குள் போனால் மருந்தும் கரையாத துகள்களும் நேராகக் கால்விரலை நோக்கிப் பாய்கின்றன; தாங்க முடியாத எரிச்சல், பிறகு தோல் வெளுத்துக் குளிர்ந்துபோகும். ரத்தம் கிடைக்காத விரல்கள் கறுத்து அழுகுவதும் உண்டு. தமனிச் சுவர் கிழிந்து, கசியும் ரத்தம் பக்கத்தில் பைபோல் கட்டிக்கொண்டால் அது இன்னொரு ஆபத்து. பார்வைக்குச் சீழ்க்கட்டி மாதிரியே இருக்கும். கட்டி என்று நினைத்துக் கீறிவிட்டால் ரத்தம் பீறிட்டு அடிக்கும். போதை ஊசி போடுபவரின் தொடை இடுக்கு வீக்கத்தை, அது துடிக்காவிட்டாலும், ஸ்கேன் பார்க்காமல் கத்தி வைக்கக்கூடாது.

கிருமிகளின் கணக்கு தனி. 2009 டிசம்பரில் கிளாஸ்கோவில் ஊசி போட்ட இடம் பயங்கரமாக வீங்கிச் சிலர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஆடு மாடுகளைத் தாக்கும் ஆந்த்ராக்ஸ்! ஹெராயினிலேயே அதன் விதைத்துகள்கள் கலந்திருந்தன. லேசாகச் சூடாக்கினால் அவை சாவதில்லை. அடுத்த ஓராண்டில் ஸ்காட்லாந்தில் 119 பேருக்குத் தொற்று வந்ததாகக் கணக்கிட்டார்கள். இதைவிடச் சாதாரணமானது தோலில் குடியிருக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ். ஊசியோடு உள்ளே போய் இதயத்தின் வலப்பக்க வால்வில் ஒட்டிக்கொள்ளும். காய்ச்சலும் இருமலுமாக வருவதால் நிமோனியா என்றே முதலில் தோன்றும்.

இத்தனைக்கும் சிகிச்சை உண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, ஆன்டிபயாடிக், காலுக்கு இறுக்கமான கட்டு. கட்டுப்போடுமுன் தமனி ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று டாப்ளர் கருவி வைத்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டே காலைக் கெடுத்துவிடும். சிக்கல் மருந்தில் இல்லை. நோயாளி வருவதே தாமதம். வார்டில் முகம் சுளிப்பார்களோ என்ற பயம் ஒன்று. போதை கிடைக்காமல் உடல் நடுங்கும் தவிப்பு இன்னொன்று. சேர்ந்த மறுநாளே பலர் எழுந்து போய்விடுகிறார்கள். அந்தத் தவிப்புக்கு மெத்தடோன் என்ற மாற்று மருந்தை முதல் நாளே கொடுத்தால் நிறையப் பேரை வார்டில் நிறுத்தி வைக்கலாம்.

கிளாஸ்கோவில் ‘தி திஸில்’ என்ற மையம் 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. வாங்கி வந்த சரக்கை மருத்துவப் பணியாளர்களின் கண்ணெதிரே சுத்தமான ஊசியால் போட்டுக்கொள்ளலாம். பிரிட்டனில் அரசு அனுமதித்த முதல் இடம் அது. ஆனால் போதையை விட்டு விலகியவர் அந்தப் பக்கம் போகமாட்டார். அவர் வீங்கிய காலோடு போவது வழக்கமான குடும்ப மருத்துவரிடம். எப்போதாவது தொடையில் ஊசி போட்டதுண்டா என்று அந்த மருத்துவர் குரலில் குற்றம் தொனிக்காமல் கேட்டுவிட்டால், புண் வெடிப்பதற்கு முன்பே அழுத்தக் காலுறை மாட்டிவிட முடியும்.